எமில்டாவின் மூன்று துவக்குகள்

விமான நிலையத்தில் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. கோபன்ஹேகனில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, முறுக்கு டப்பா, நார்த்தங்காய் ஊறுகாய், கற்பூராதித் தைலம் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்து வெளியே வைத்தார். அடியில் கிடந்தது ஒரு கறுப்பு நிறக் கையில்லாத கோட்டு. அதன் வலது தோளில் மட்டும் இலவம்பஞ்சு அடைத்த திண்டு. அவர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "துப்பாக்கிக்கு" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. பதறிப்போய் செல்போனை எடுத்து எமில்டாவின் படத்தைக் காட்டினேன். காதில் பெரிய மூடி, கண்ணில் மஞ்சள் கண்ணாடி, இடுப்பைச் சுற்றித் தோட்டா செருகிய பெல்ட், கையில் அவள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சலான ஒரு துப்பாக்கி. அடுத்த படத்தில் அவள் எழுதி அனுப்பிய தோள் அளவுகள். அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். தானும் வாத்து வேட்டைக்குப் போகிறவன்தான், இந்தப் பஞ்சு நல்ல யோசனை என்றார். தைலத்தை மட்டும் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

நான் சென்னை ராயப்பேட்டையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். கலியாணப் பெண்கள் முதல் அவர்களுடைய பாட்டிகள் வரை எத்தனையோ தோள்களுக்கு அளவெடுத்திருக்கிறேன். துப்பாக்கிக்காகத் தைத்த உடுப்பு இது ஒன்றுதான். தைக்கச் சொன்ன எமில்டா மன்னார்க்காரி. எண்பதுகளில் சண்டைக்குப் பயந்து அவள் குடும்பம் சென்னைக்கு வந்தபோது, சாந்தோமில் நாங்கள் இருந்த வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயசு. பிறகு அவள் டென்மார்க் போனாள், கலியாணம் கட்டினாள், ஒடென்சே நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதெல்லாம் எல்லோரும் செய்கிறதுதான். நடுவில் எப்படியோ துப்பாக்கிப் போட்டியில் இறங்கிவிட்டாள்.

கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் என்று மூன்றையும் மாற்றி மாற்றி, ஓடிக்கொண்டே சுடுகிற போட்டி அது. குறியும் கணக்கு, நேரமும் கணக்கு. மூத்த பெண்கள் பிரிவில் எமில்டா வருஷா வருஷம் இரண்டாவதாக வருவாள். முதல் பரிசு ஒரு தடவைகூட இல்லை. இப்போது வலது தோள் மூட்டு தேய்ந்துபோய் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "இந்த ஒக்டோபர் போட்டிதான் கடைசி. ஒருக்கா வெண்டிட்டு விடுறன். எடியே வசந்தி, நீ வந்து பார்க்க வேணும். வரேக்க என்ர தோளுக்கு ஒரு திண்டு தைச்சுக்கொண்டு வா" என்று போனில் சொன்னாள். அவள் என்னிடம் கேட்டது அபூர்வம். கிளம்பிவிட்டேன்.

ரயிலில் அடுத்த கூத்து. காலியாக இருக்கிறதே என்று ஒரு பெட்டியில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பசிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தேன். முதல் கடியிலேயே முன்னால் இருந்த வயசான டேனிஷ்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது கடிக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டின்மேல் விரல். பேசக் கூடாத பெட்டியாம். சத்தம் போடாமல் முறுக்குத் தின்னும் வித்தையை நம் ஊரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. டப்பாவை மூடுவதற்கு முன், மரியாதைக்காக அவரிடம் ஒன்றை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கடிக்காமல் வாயிலேயே ஊறவைத்து, கடலுக்கு மேலே போகிற அந்த நீளமான பாலம் முடியும் வரைக்கும் அந்த ஒரே முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தார். இறங்கும்போது தலையை அசைத்து எனக்கு விடை கொடுத்தார்.

ஒடென்சே நிலையத்தில் எமில்டாவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடுப்பு வரை பின்னல் போட்டிருந்தவள் இப்போது கிராப்பு வெட்டியிருந்தாள். கட்டிக்கொண்டபோது இடது கை மட்டும்தான் என் முதுகுக்கு வந்தது. வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. "அழாதை, அழாதை. இஞ்ச அழுதா பொலிஸ் பிடிக்கும்" என்றாள். பக்கத்தில் அவள் கணவர் யேசுதாசன், குடையும் சிரிப்புமாக நின்றார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட, அவர் என்னைத் தங்கச்சி என்றார். நெடுங்காலம் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு குழல் புட்டும் மீன் சொதியும். மறுநாள் காலையில் கறுப்பு ரொட்டி. கம்பு தானியத்துக்குத் தம்பி மாதிரி ஏதோ ஒன்றில் செய்வதாம். செங்கல் மாதிரி இருந்தது. டேனிஷ்காரர்கள் அதன்மேல் புளிக்கவைத்த மீனை வைத்துச் சாப்பிடுகிறார்கள். எமில்டா தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடிச்ச சம்பலை அப்பிக் கொடுத்தாள். இரண்டாவது துண்டு நானே கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டபின் கீழே நிலவறைக்குக் கூட்டிப் போனார்கள். சுவரோடு திருகி வைத்த இரும்பு அலமாரி. தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, அதற்கு வேறு பூட்டு. போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். "இதுதான் என்ர துவக்குகள்" என்று எமில்டா அலமாரியைத் திறந்தாள். துப்பாக்கியை அவர்கள் துவக்கு என்பார்கள். சாந்தோமில் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டபோது நான் சிரித்தது ஞாபகம் வந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு என் கடையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கைத்துப்பாக்கியை அவள் தேர்ந்தெடுத்ததே பிடி ஒடுக்கமாக இருக்கிறது என்றுதானாம். "இஞ்சத்த ஆக்களின்ர கை எல்லாம் பனங்கிழங்கு. எனக்கு இதுதான் காணும்." வேர்த்தாலும் வழுக்காமல் இருக்கப் பிடியில் சொரசொரவென்று ஒரு நாடா சுற்றியிருந்தாள். தோட்டா அடைத்த செருகியை அவசரத்தில் தடவாமல் செருகுவதற்காகப் பிடியின் அடிவாயைப் புனல் போல அகலமாக்கியிருந்தார் யேசுதாசன். நெட்டையான ஆண்களுக்கென்று செய்த ஷாட்கன் அவளுக்குத் தொளதொளவென்று இருந்ததால், தோளில் முட்டுகிற மரக்கட்டையை வாங்கின உடனேயே ஒரு துண்டு அறுத்துவிட்டார்களாம். ரெடிமேட் ஜாக்கெட்டில் கை நீளத்தை வெட்டுகிற கதைதான்.

"உங்க ஊர்ல எல்லாருமே ஆல்ட்ரேஷன் பண்ணித்தான் சுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஆல்ட்ரேசன் இல்லாமல் எவன் சுடுறான்? போட்டியில பாதி இந்த மேசையிலதான் நடக்குது" என்றாள்.

நான் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் வம்பு வந்தது. திண்டு மெத்தென்று இருந்தது, ஆனால் பஞ்சின் கனம் சேர்ந்ததும் துப்பாக்கி நீளமாகிவிட்டது. கட்டை தோளில் பதியாமல் கையிடுக்கில் சிக்கியது. ஒரு வினாடி தாமதம் அவளுக்கு ஒரு வருஷ நஷ்டம். "பஞ்சைப் பாதி எடுத்துடறேன்" என்று நான் கத்தரியைத் தூக்க, "வேண்டாம் தங்கச்சி, நான் கட்டையைக் குறைக்கிறன்" என்று அவர் திருப்புளியைத் தூக்க, கடைசியில் நான் கொஞ்சம் பிரித்தேன், அவர் கட்டையின் நுனியில் இருந்த ரப்பர் தகடு ஒன்றைக் கழற்றினார். மறுபடி தோளில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "இப்ப சரி" என்று கண்ணை மூடிச் சொன்னாள். என் தொழிலில் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் இன்னும் மெஷினை மிதிக்கிறேன்.

கைத்துப்பாக்கித் தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் யேசுதாசன் அண்ணாவே செய்கிறார். அதற்கு முறையான அனுமதி உண்டு. ஒரு சின்னத் தராசு, கையால் இழுக்கிற ஓர் அழுத்தி, மேலே மாதா படம். வெடிமருந்தை நிறுத்து நிறுத்துப் போடுவார். சுடும்போது கைத்துப்பாக்கி உதைக்கிற உதையும் கை வழியே தோளுக்குத்தான் போகுமாம். அவர் துப்பாக்கியைத் தொட்டுச் சுட்டதே கிடையாதாம். "எனக்குச் சத்தம் ஒத்துவராது. இவ சுடுவா, நான் செய்து குடுப்பன்" என்றார். ஷாட்கன் தோட்டா மட்டும் கடையில் வாங்குவது. ஈயக் குண்டுக்கு அந்த நாட்டில் தடை, இரும்புக் குண்டுதான். அதிலும் உதை குறைந்த வகையாகத் தேடினால், சில வகைகளில் துப்பாக்கியே அடுத்த தோட்டாவை ஏற்றாமல் மூச்சடைத்து நின்றுவிடுமாம். எது தோளையும் நோகடிக்காது, துப்பாக்கியையும் நிறுத்தாது என்று பார்த்துப் பார்த்து ஒரு வகையைப் பிடிக்கவே அவர்களுக்கு ஒரு கோடைகாலம் போயிற்று.

அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது என் மனசு மெரினாவுக்கு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் சாந்தோமிலிருந்து மணலில் நடந்தே போவோம். கண்ணகி சிலைக்குப் பக்கத்தில் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி வைத்திருப்பார் ஒருவர். காற்றுத் துப்பாக்கிகள் நாலைந்து சாத்தியிருக்கும். எல்லாமே கோணல். நான் சிவப்புப் பலூனைக் குறிவைத்தால் ஒன்று மணலில் போய் விழும், இல்லாவிட்டால் நீலப் பலூன் வெடிக்கும். எமில்டா முதல் குண்டை வேண்டுமென்றே பலகையின் ஓரத்தில் சுடுவாள். அது எங்கே போய்ப் படுகிறது என்று பார்த்துக்கொள்வாள். பிறகு அந்த அளவுக்கு விலகிக் குறிவைத்து வரிசையாக வெடித்துக்கொண்டே போவாள். இருக்கிறதிலேயே மோசமான துப்பாக்கியின் கட்டையில் கம்பி சுற்றியிருக்கும். அதைத்தான் கேட்டு வாங்குவாள். "மற்றதுகளின்ர கோணல் எனக்குத் தெரியாது. இதின்ர கோணல் தெரியும்" என்பாள். கொஞ்ச நாளில் பலூன்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்தாலே, "அம்மா தாயே, அந்தச் சிலோன் பொண்ணைக் கூட்டிட்டு வராதே, என் பொழப்பு போயிடும்" என்று கும்பிடு போடுவார்.

அவள் போன பிறகு நான் அந்தப் பலகைப் பக்கம் போனதே இல்லை. தனியாகச் சுடுவதில் என்ன இருக்கிறது. இன்றைக்கும் கடற்கரையில் எங்காவது பலூன் வெடிக்கிற சத்தம் கேட்டால் என் தலை தானாகத் திரும்பும், மனசு கனத்துப்போகும்.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். டிராமில் ஏறினேன், சைக்கிள் பாதை என்று தெரியாமல் நடந்து ஒரு பெண்ணிடம் மணியடி வாங்கினேன். நம் ஊரில் ஹாரன் அடிப்பது வாடிக்கை. அங்கே ஒரு மணி அடித்தால் பரம்பரைக்கே அவமானம் போல இருக்கிறது. சாயங்காலம் தமிழ்ப் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து காபி குடிக்கிற இடத்தில், எமில்டாவைத் தெரிந்த ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இவ என்னடாவெண்டா காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறா. நீங்களாவது சொல்லுங்கோ பிள்ளை." எமில்டாவின் காதில் விழும்படிதான் சொன்னார். அவள் காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நானே கேட்டேன். "அந்தம்மா சொன்னது தப்பில்லையேடி. எனக்கும் அது புரியலதான்."

"அங்க துவக்குகள் எங்களைத் தெரிவு செய்தது வசந்தி. எங்கட ரோட்டுக்கு எந்தத் துவக்கு வரும், எந்தப் பக்கம் பார்க்கும் எண்டு எங்களை ஆரும் கேக்கேல்லை. இது நான் பார்த்துத் தெரிஞ்சது. என்ர கைக்கு அறுத்தது. முன்னுக்கு நிக்கிறது இரும்புத் தகடு, ஆக்கள் இல்லை. வேலை முடிய நானே பூட்டி வைப்பன்." பிறகு, "விளங்குதோ, இல்லையோ?" என்று அதட்டினாள். விளங்கியது என்றேன். முழுக்க விளங்கியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஊரில் நான் வளரவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் புறப்பட்டு, இன்னொரு பாலம் கடந்து, ரண்டர்ஸ் ஊரைத் தாண்டி ஒரு பழைய ஜல்லிக்குழிக்குப் போனோம். அங்கேதான் போட்டி. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். முந்தின நாள் வரைக்கும் இதமாக இருந்த ஊர் ஒரே ராத்திரியில் மாறிவிட்டது. புல்லெல்லாம் வெள்ளை. நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் பூசணிக்காய் மாதிரி நின்றேன்.

சுடுவதற்கு முன்னால் எல்லோரும் வெறுங்கையோடு களத்தை நடந்து பார்க்கலாம். தாடி வைத்த பெரிய பெரிய ஆட்கள், விரலைத் துப்பாக்கி போல நீட்டிக்கொண்டு, உதட்டால் எண்ணிக்கொண்டு, பலகைகளுக்கு நடுவே பதுங்கிப் பதுங்கி நடந்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் திருடன் போலீஸ் ஆடுவது அப்படியே கண் முன்னால் வந்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எமில்டாவும் விரலை நீட்டிக்கொண்டு நடந்தாள். அவள் முகத்தில் மட்டும் விளையாட்டு இல்லை.

வழக்கமாக முதல் பரிசு வாங்குகிற பிர்கித்தே வந்து கை கொடுத்தார். வெள்ளை முடி, நீல விழி, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எமில்டாவின் கோட்டைத் தொட்டுப் பார்த்து டேனிஷில் ஏதோ சொன்னார். "என்ன கடை எண்டு கேக்கிறா. ராயப்பேட்டை எண்டு சொன்னனான்" என்றாள் எமில்டா. எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் இரண்டு களமும் அமர்க்களம். கைத்துப்பாக்கியால் ஐந்தாறு அட்டைகள், அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு ரைஃபிளால் தூரத்துத் தகடுகள், பிறகு ஷாட்கன். பெல்ட்டிலிருந்து நாலு தோட்டாவை ஒரே பிடியில் உருவி, இரண்டிரண்டாக அவள் உள்ளே தள்ளுகிற வேகத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தேன். டிவி பார்க்கும்போதெல்லாம் வெற்றுத் தோட்டாவை வைத்துப் பழகுவாளாம். திண்டு அசையவில்லை. மதிப்பெண் பலகையில் பெயர்கள் ஏறின. மூத்த பெண்கள் வரிசையில் எமில்டா முதலில் இருந்தாள். பிர்கித்தே கீழே. யேசுதாசன் அண்ணா அந்தப் பலகையை செல்போனில் படம் பிடித்தார். ஒரு தடவை பிடித்துவிட்டு, படம் ஆடிவிட்டது என்று இன்னொரு தடவையும் பிடித்தார்.

மூன்றாவது களத்துக்கு முன்னால் ஒரு கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் தோட்டாவின் பலத்தைப் பார்ப்பது. உதை குறைந்த தோட்டாவை வைத்துச் சுலபமாகச் சுட்டு யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் போட்டியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். குண்டின் எடையும் வேகமும் சேர்ந்து அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போனால், தொடர்ந்து சுடலாம், ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. காலையிலேயே அவள் பெல்ட்டிலிருந்து சில கைத்துப்பாக்கித் தோட்டாக்களை எடுத்து உறையில் போட்டு ஒட்டி, குளிரிலேயே வைத்திருந்தார்கள். ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை நிறுத்தார்கள். மற்றவற்றை அவளுடைய கைத்துப்பாக்கியிலேயே போட்டு, வேகம் காட்டுகிற கருவிக்கு மேலே ஒவ்வொன்றாகச் சுட்டார்கள். மேசையில் இருந்த இளம் அதிகாரி கணக்குப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

எமில்டா எனக்குத் தமிழில் சொன்னாள். "காணாதாம்."

பலம் போதவில்லை என்று அர்த்தம். யேசுதாசன் அண்ணா கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தோட்டா பாக்கி இருந்தது. விதிப்படி அது போட்டியாளரின் விருப்பமாம். பிரித்து எடை பார்க்கலாம், இந்தக் குண்டு கனமாக இருந்தால் தப்பிக்கலாம். அல்லது சுடலாம், வேகம் கூட இருந்தால் தப்பிக்கலாம். இரண்டில் ஒன்றுதான். அந்தப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள். எமில்டா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது. எடையெல்லாம் அவர் நிறுத்துப் போட்டது, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். "சுடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு டேனிஷில் சொன்னாள்.

அந்தச் சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பெண் "மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. பலகையில் எமில்டாவின் பெயருக்கு எதிரே இருந்ததையெல்லாம் துடைத்தார்கள்.

வெளியே பிர்கித்தே வந்து பக்கத்தில் நின்றார். தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். என்ன என்று கேட்டேன். "இண்டைக்குக் குளிர் கூட எண்டுறா" என்றாள் எமில்டா. நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருப்போம். அவர்களுக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் அந்தக் கோப்பை காலியாகும் வரை பிர்கித்தே அவளை விட்டு நகரவில்லை.

"வீட்டுக்குப் போயிடலாமாடி?" என்றேன்.

"ஏன்? சுடலாம் எண்டுதானே சொன்னவை" என்று காதுமூடியை மாட்டிக்கொண்டு போனாள்.

மிச்சக் களங்கள் எல்லாவற்றையும் சுட்டாள். கடைசிக் களத்தில் ஷாட்கனால் தகடுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டு ஓடி, முடிவுக் கோட்டைத் தொடுகிற இடத்தில் நின்றுவிட்டாள். பின்னால் ஒரு தகடு சாயாமல் நின்றது. மதிப்பெண் உள்ளவர்களே நேரம் போகிறதென்று விட்டுவிடுகிற ஓரத்துத் தகடு. எமில்டா திரும்பி நடந்தாள். துப்பாக்கி காலி. பெல்ட்டிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டாள். தோளில் வைத்தபோது முகம் வலியில் கோணிற்று. சுட்டாள். தகடு விழுந்தது. குழியைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகையாகவும் கோபமாகவும் வந்தது. கடவுளே, ஒரு தடவை கொடுத்திருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று மனசுக்குள் திட்டினேன்.

பரிசு பிர்கித்தேக்கு. எமில்டா இடது கையால் தொடையில் தட்டிக் கைதட்டினாள்.

திரும்பும் வழியில் தொத்திறைச்சி ரொட்டி விற்கிற வண்டியில் நிறுத்தி ஆளுக்கொன்று வாங்கினோம். சிவப்புச் சாயம் போட்ட தொத்திறைச்சி ரொட்டிக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. யேசுதாசன் அண்ணா சாப்பிடவில்லை. காகிதத்தை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி மறுபடி புறப்பட்டு, மழை பிடித்து, வைப்பர் ஆட ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார். முன் சீட்டில் அவரும் எமில்டாவும், பின்னால் நான்.

"எமில்டா, குளிர்தான் காரணம் எண்டு நீர் நினைக்கிறீர். குளிர் மட்டும் இல்லை."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீர் சொன்ன அளவை நான் போடேல்லை. கோடையில பயிற்சி முடிஞ்சு வந்து நீர் சட்டையைக் கழட்டேலாமல் நிண்டதைப் பார்த்தனான். அதுக்குப் பிறகு கைத்துவக்குத் தோட்டாவில மருந்தை ஒரு பொட்டுக் குறைச்சனான். நீர் சுட நான் அளந்து பார்க்கக் கோட்டுக்கு மேலதான் நிண்டது. பிறகு இன்னுமொரு பொட்டு. வெயில் நாளிலதானே அளந்தனான். குளிருக்கு மருந்து சோரும் எண்டதை நான் யோசிக்கேல்லை. உம்மட கடைசிப் போட்டியை நான்தான் கெடுத்தனான்." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள் எமில்டா.

"என்ன தெரியும்?"

"குறைச்சது தெரியும். முதல் நாளே தெரியும். இவ்வளவு காலமா நீங்கள் போட்ட தேத்தண்ணியைத்தானே குடிக்கிறன். சீனி ஒரு சிட்டிகை குறைஞ்சா எனக்குத் தெரியாதோ? கை பிடிச்சுச் சுடுறது நான் எல்லோ."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை? சொல்லியிருந்தா நான் கூட்டிப் போட்டிருப்பனே!"

"அதுதான் சொல்லேல்லை." அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சுகமா இருந்ததப்பா. ஒவ்வொரு வெடிக்கும், இதையும் இந்த மனிசன் என்ர தோளை நினைச்சு நினைச்சுத்தான் நிறுத்திருக்கிறார் எண்டு கைக்குத் தெரியும். வெல்ல எனக்கு ஆசைதான். ஆனா அதைக் கூட்டிப் போடுங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

யேசுதாசன் அண்ணா வண்டியை மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.